உதிர்வா, தற்கொலையா?

வலப்பனைத் தோட்டப்புறத்து மாணவன் ஒருவன் அண்மையில் என்னிடம் வினவினான்: “சேர், உடம்பிலுள்ள கலங்களும் தற்கொலை செய்துகொள்ளுமாமே?” அவ்வினா என் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. அறிவியற் கட்டுரைகளில் தாராளமாக வழங்கிவரும் அச்சொல் பொருந்தாது என்பது என் துணிபு.

மெய்யாக நிகழ்வது என்ன? கலத்தினுள் இழைமணி என்னும் நுண்ணுறுப்பு ஒட்சிசனைக் கொண்டு உணவிலிருந்து ஆற்றலை ஆக்குகிறது. அச்சுவாசத்தில் இலத்திரன்களைச் சுமக்கும் புரதம் சைற்றோகுரோம் சி. மடிவதற்குக் கட்டளை பிறந்ததும் இழைமணியின் புறமென்சவ்வு துளைபட, அப்புரதம் வெளியே கசிகிறது. வாழ்வுக்கு உழைத்த அதுவே முடிவை அறிவிக்கும் தூதாகின்றது. இதனை 1996இல் சியாவோடோங் வாங் குழுவினர் கண்டறிந்தனர். ஆயினும் சுவாசம் அக்கணமே அற்றுவிடுவதில்லை. பல கலங்களில் சிறிது பொழுது தொடர்கிறது. ஒழுங்காக மடிவதற்கும் ஆற்றல் வேண்டுமல்லவா? அது வற்றினால் கலம் வீங்கி வெடித்து, அயலையும் அழற்சிக்கு உள்ளாக்கும்.

1972இல் கெர், வைலி, கரி என்னும் மூவர் இதற்கு இட்ட பெயர் அப்பொப்டோசிஸ். மரத்திலிருந்து இலையும் மலரிலிருந்து இதழும் உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. நம் மலைகளில் தேயிலைக்கு நிழல் தரும் முள்முருக்கைப் பாருங்கள். பழுக்கும் இலை தன் சத்தில் ஒரு பகுதியை மரத்துக்கு மீட்டளிக்கிறது. பச்சையம் கலைந்த பின்னரும் இழைமணிகள் சுவாசித்து அப்பணிக்குத் துணைநிற்கின்றன. அதன் பின்னரே காம்பு கழல்கிறது.

தற்கொலையோ துயருற்ற மனிதனின் முறிவு. 1995ஆம் ஆண்டளவில் உலகின் மிக உயர்ந்த தற்கொலை வீதங்களுள் ஒன்று இலங்கையினுடையதாய் இருந்தது. கொடிய பீடைநாசினிகள் தடைசெய்யப்பட்ட பின்னர் அது வெகுவாகக் குறைந்தது. இத்துயரை அறிந்த நாட்டிலே, ‘இயற்கையே அதைச் செய்கிறது’ என்னும் மயக்கம் இளநெஞ்சில் விழலாகாது. கலத்தை இழந்து உடல் வாழும். பிள்ளையை இழந்து வீடு வாழாது.

ஆங்கிலத்திலும் அவ்வாறு எழுதுகிறார்களே என்பர் சிலர். எழுதட்டும், பிறர் வழு நமக்கு இலக்கணமாகாது. ‘கல உதிர்வு’ என்னும் எளிய சொல் நம்மிடம் இருக்கிறது. பாடநூல் எழுதுவோரும் ஆசிரியர்களும் அதனையே வழங்குவார்களாக. அம்மாணவனுக்கும் நான் அதையே சொன்னேன்.