ஈரலுக்கும் எல்லைக்கோடா?



தொகுதிக்கு எல்லை வகுப்பதென்றால் என்ன என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு தெருவை இந்தப் பக்கம் தள்ளி, ஒரு குப்பத்தை அந்தப் பக்கம் ஒதுக்கி, வரைபடத்தின்மீது ஒரு கோடு இழுத்தால் போதும். ஊரே திரண்டு அளிக்கும் வாக்கின் வலிவை வற்றடித்துவிடலாம் என்பதைத் தேர்தல் களத்திலே கண்டவர்கள் நீங்கள். வாக்குரிமையை வளைக்கும் அதே கோடு, உயிர் வாழும் உரிமையையும் வளைத்தது என்றால் நம்புவீர்களா? வாழ்பவன் யார், மாள்பவன் யார் என்பதை எல்லைக்கோடு முடிவு செய்தது. காட்டுமிராண்டிக் காலத்திலே அல்ல, இந்த நூற்றாண்டிலே! கஞ்சிக்கு வழியில்லா நாட்டிலே அல்ல, பொன் கொழிக்கும் அமெரிக்காவிலே!

அந்தக் கோட்டை அழிக்கக் கத்தியோடு கணக்கையும் கையிலே எடுத்தவர் ஒருவர் உண்டு. டாரி செகேவ் என்பது அவர் பெயர். பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலே உறுப்பு மாற்று அறுவை மருத்துவராக நெடுங்காலம் பணியாற்றி, 2022இல் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்துக்குச் சென்றவர்.

அவர் செய்தது என்ன என்று கூறுமுன், பழைய கதை ஒன்று. 1960இல் சியாட்டில் நகரத்து மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர், சிறுநீரகம் பழுதுற்றோரை இயந்திரத்தின் துணையால் ஆண்டுக்கணக்கில் வாழவைக்கும் வழி கண்டார். வழி பிறந்தது, இயந்திரமோ சில, நோயாளியோ பலர். என்ன செய்தார்கள்? எழுவர் குழு ஒன்று அமைத்தார்கள். வழக்கறிஞர், பாதிரியார், வங்கிக்காரர், இல்லத்தரசி, அரசு அலுவலர், தொழிற்சங்கத் தலைவர், அறுவை மருத்துவர். மூடிய அறையிலே கூடி, யாருக்கு இயந்திரம், யாருக்கு இடுகாடு என்று அவர்கள் தீர்மானித்தனர். மணமானவனா, மக்கள் எத்தனை, வருமானம் எவ்வளவு, மாதாகோயில் தொண்டிலே ஈடுபாடு உண்டா என்றெல்லாம் பார்த்தனர்! 1962இல் 'லைஃப்' ஏடு இதை வெளியிட்டதும் நாடே திடுக்கிட்டது. அந்த எழுவரும் தீயவர் அல்லர். ஊதியம் பெறாது, உறக்கம் இழந்து பணியாற்றியவர்கள். ஆயினும் நல்லவரின் மனச்சான்று ஒன்றை மட்டும் நம்பி நீதியை ஒப்படைத்தால், அது தன்னைப் போன்றவனையே தேடிப் பிடிக்கும். 1972இல் அமெரிக்க அரசே அந்தச் சிகிச்சையின் செலவைப் பெரும்பாலும் ஏற்கச் சட்டம் செய்த பிறகுதான் அக்குழுவுக்கு வேலையில்லாது போயிற்று.

சிறுநீரகத்துக்கு இயந்திரம் உண்டு. கல்லீரலுக்கு? அது அழிந்தவனை ஆண்டுக்கணக்கில் காத்துநிற்கும் இயந்திரம் இன்றுவரை இல்லை. மாண்டவர் தந்த ஈரல், அல்லது உயிரோடிருப்பவர் பகுத்துக் கொடுத்த ஈரல், இரண்டே வழி. 1984இல் அமெரிக்கா சட்டம் இயற்றிற்று. உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம் என்றது. நாடு முழுமைக்கும் பங்கீட்டு அமைப்பு ஒன்று வேண்டும் என்றது. 2002இல் 'மெல்ட்' என்னும் மதிப்பெண் முறை வந்தது. இரத்தச் சோதனையின் சில அளவுகளைக் கொண்டு 6 முதல் 40 வரை ஓர் எண். எண் கூடினால் சாவு நெருங்குகிறது என்று பொருள்; சாவுக்கு நெருங்கியவனுக்கு முதலிடம். சாதி கேட்காது, சம்பளம் கேட்காது, சர்ச்சுக்குப் போகிறாயா என்று கேட்காது இந்த எண். சியாட்டில் எழுவரைவிட இது எவ்வளவோ மேல்!

ஆனால் சூழ்ச்சி எங்கே ஒளிந்திருந்தது தெரியுமா? வரைபடத்திலே! நாட்டை 11 வட்டாரங்களாகவும், அவற்றை 58 சேகரிப்புப் பகுதிகளாகவும் பிரித்திருந்தார்கள். ஒரு பகுதியிலே கிடைத்த ஈரல் முதலில் அப்பகுதியாருக்கு, பிறகே வெளியாருக்கு என்பது விதி. இந்த எல்லைகளை நோயாளியின் நிலை கண்டு எவரும் வகுக்கவில்லை. எந்த மருத்துவமனை எந்த மருத்துவமனையோடு அந்நாளில் கூடி வேலை செய்தது என்ற பழைய வழக்கம் அப்படியே எல்லையாகிவிட்டது. விளைவு? ஓரிடத்திலே மதிப்பெண் இருபதுகளில் இருப்பவனுக்கே ஈரல் கிடைத்தது. வேறோர் இடத்திலே முப்பதைத் தாண்டி, மஞ்சள் பூத்து, மதி மயங்கிக் கிடந்தாலும் கிடைக்கவில்லை. நோய் ஒன்று, நாடு ஒன்று, சட்டம் ஒன்று. முகவரி மட்டும் வேறு!

முகவரியை மாற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். மாற்றலாம், வசதி இருந்தால்! ஆப்பிள் நிறுவனத் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் வாழ்ந்தது கலிஃபோர்னியாவிலே. 2009இல் அவருக்கு ஈரல் மாற்றியது டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகரிலே. ஒருவர் பல ஊர்ப் பட்டியல்களிலே பெயர் பதியலாம் என்று விதி அனுமதித்தது. அழைப்பு வந்த சில மணி நேரத்துக்குள் அங்கே போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஜாப்ஸ் விதி எதையும் மீறவில்லை. அவரைத் தூற்றுவதும் என் நோக்கமன்று. சாவின் வாயிலிலே நிற்பவன் எந்தக் கதவையும் தட்டுவான். சொந்த விமானம் உள்ளவன் தட்டினால் மட்டும் திறக்கும் கதவைச் சட்டத்திலே வைத்தது யார் என்பதே என் கேள்வி.

செகேவும் அதைத்தான் கேட்டார். அவருக்குத் துணைநின்றவர் அவருடைய மனைவி சோமர் ஜென்ட்ரி, அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியிலே கணிதப் பேராசிரியையாக இருந்தவர். இருவரும் சேர்ந்து முதலில் கைவைத்தது சிறுநீரகத்திலே. மனைவிக்குத் தன் சிறுநீரகத்தைத் தரக் கணவன் தயார். இரத்த வகை பொருந்தவில்லை. வேறோர் ஊரிலே இன்னொரு தம்பதிக்கும் அதே துயரம். இவன் கொடை அவளுக்கும், அவன் கொடை இவளுக்கும் பொருந்துமானால் மாற்றிக்கொள்ளலாமே! இரண்டு இணை என்றால் தரகனே பொருத்திவிடுவான். ஆயிரம் இணைகள் இருந்தால்? கணிதம் வேண்டும். பெருந்தொகையினருக்குப் பொருத்தம் கிடைக்கும் வழியை 2005இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். இப்படி மாற்றிக்கொள்வது விற்பனை ஆகாதா என்று சட்டம் படித்தோர் ஐயுற்றனர். ஆகாது என்று 2007இல் சட்டத்திருத்தமே வந்தது.

அடுத்து ஈரல். ஜென்ட்ரி எடுத்த ஆயுதம் எது தெரியுமா தோழர்களே? தொகுதி வரையறைக் கணக்கு! தேர்தல் தொகுதிகளை நேர்மையாக வகுப்பதற்கென்று அறிஞர்கள் உருவாக்கிய கணிதத்தை உறுப்புப் பகுதிகளுக்குப் பொருத்தினார்கள். மொத்த மரணம் கூடக்கூடாது. ஈரல் கெடும்வரை பயணம் நீளக்கூடாது. ஆனால் எங்கே வாழ்ந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு நோய்முற்றிய நிலையில் சிகிச்சை கிட்டவேண்டும். இந்த நிபந்தனைகளை வைத்து, நாட்டை நான்காக அல்லது எட்டாக மாற்றிப் பிரித்து, கணிப்பொறியிலே ஓட்டிப் பார்த்தார்கள். வேறுபாடு பெரிதும் குறையும் என்று 2013இல் அறிவித்தார்கள்.

எழுந்ததே எதிர்ப்பு! எங்கள் மாநிலத்தான் தந்த ஈரல் எங்களுக்கே என்றது ஒரு குரல். இந்தக் குரல் புதிதன்று. 1998இல் மத்திய அரசு, குடியிருக்கும் இடம் பங்கீட்டுக்கு அடிப்படையாகக் கூடாது என்று விதி வகுத்தபோதே, லூசியானா உள்ளிட்ட சில மாநிலங்கள் உறுப்பு வெளியே போகாதிருக்கத் தனிச் சட்டம் போட்டன. மாண்டவனின் பெருந்தன்மைக்கு மாநில முத்திரை குத்துவதா? அவன் கொடுத்தது மனிதனுக்கு. ஊர்ப்பற்றின் பின்னே மருத்துவமனைகளின் வருவாய்க் கணக்கும் இருந்தது. அதைப் பேசத்தான் பலர் கூசினர்.

ஆனால் இன்னொரு குரல் இருந்தது. அதை நாம் தள்ளிவிட முடியாது. தென்மாநிலங்களின் சிற்றூர்களிலே வாழும் ஏழை, அவர்களிலே கறுப்பின மக்கள் பலர், காப்பீடு இல்லாததால், அருகிலே மருத்துவர் இல்லாததால், பட்டியலுக்கே வந்து சேர்வதில்லை. பட்டியலில் உள்ளோரை மட்டும் எண்ணி நீதி பேசினால், பட்டியலுக்கு வெளியே செத்தவனை எந்தக் கணக்கிலே எழுதுவீர்கள் என்று கேட்டனர். கேள்வி நியாயமானதே. ஆயினும் அதற்கு விடை, நியூயார்க்கிலே காத்திருக்கும் இன்னோர் ஏழையைச் சாகவிடுவதா? பட்டியலின் வாயிலைத் திற, காப்பீடு கொடு, மருத்துவமனை கட்டு என்பதன்றோ விடை! ஓர் ஏழையின் பசியைக் காட்டி மற்றோர் ஏழையின் தட்டைப் பறிப்பது பழைய தந்திரம். நாம் நம் நாட்டிலேயே பார்த்திருக்கிறோம்.

எட்டுப் பிரிவுத் திட்டம் சட்டமாகவில்லை. 2017இல் அரைகுறைச் சமரசம் ஒன்று வந்தது. 2018இல் நோயாளிகள் சிலர் நீதிமன்றம் ஏறினர். அந்த ஆண்டு இறுதியில் பழைய எல்லைகளைத் துறக்கப் பங்கீட்டு அமைப்பு முடிவெடுத்தது. எதிர்த்தரப்பும் வழக்காடி அதைத் தடுத்து நிறுத்த, கடைசியாக 2020 பிப்ரவரியில் புதிய முறை நிலைபெற்றது. கொடையாளர் இறந்த மருத்துவமனையை மையமாக வைத்து 150, 250, 500 கடல்மைல் வட்டங்கள். மதிப்பெண் மிகுந்தவனுக்கு 500 கடல்மைல் வரை முன்னுரிமை. செகேவ் தம்பதியர் வரைந்த வரைபடம் அன்று இது. அவர்கள் குற்றம் சாட்டிய வரைபடமும் நிற்கவில்லை. ஈரல் பறக்கும் தொலைவும் செலவும் கூடின என்பது உண்மை; அதைச் சொல்லாமல் விடுவது முறையன்று.

பங்கிடுவது ஒன்று, பானையைப் பெரிதாக்குவது மற்றொன்று. எய்ட்ஸ் கிருமி உள்ளவர் மாண்டால் அவருடைய உறுப்பை எவருக்கும் பொருத்தக்கூடாது என்று 1988இல் அமெரிக்கச் சட்டம் தடுத்திருந்தது. அதே கிருமி உள்ள நோயாளிக்கு ஏன் தரக்கூடாது? தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனிலே எல்மி முல்லர் என்ற பெண் அறுவை மருத்துவர் 2008இலேயே செய்து காட்டினார். செகேவ் சட்டமன்றத்தாரின் வாயிலிலே நின்று வாதாடினார். 2013இல் தடை நீங்கியது. 2016இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸிலே அந்நாட்டின் முதல் சிகிச்சை நடந்தது. 2024இல், சிறுநீரகத்துக்கும் ஈரலுக்கும் அது ஆராய்ச்சி என்ற வேலியைத் தாண்டி வழக்கமான சிகிச்சையாகவே ஏற்கப்பட்டது. ஒதுக்கப்பட்டவன் பெறுபவனாகவும் ஆனான், கொடுப்பவனாகவும் ஆனான்!

நமக்கு இதிலே என்ன என்று கேட்காதீர்கள். மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பங்கிடும் பணியை நம் தமிழ்நாட்டு அரசு 2008 முதல் நடத்தி வருகிறது. அரசுக் காப்பீட்டுத் திட்டமும் இச்சிகிச்சைக்குக் கைகொடுக்கிறது. 2023 முதல் கொடையாளரின் உடலுக்கு அரசு மரியாதை செய்யப்படுகிறது. கொடுத்தவனை வணங்குகிறோம், நன்று. பெற்றவர் எந்த மாவட்டத்தார், என்ன வருமானத்தார், அரசு மருத்துவமனையிலா தனியாரிடமா பெற்றார், பட்டியலுக்கே வர முடியாமல் போனவர் எந்த ஊரார் என்ற கணக்கு, பெயரை மறைத்து, ஆண்டுதோறும் சட்டமன்றத்தின் மேசைக்கு வரவேண்டும். நம் பகுதி மருத்துவமனைக்குச் செல்லும்போது தோழர்கள் கேட்கவேண்டிய கேள்விகள் இவை. செகேவ் தொடங்கியதும் இத்தகைய கணக்கிலிருந்துதான்.

அமெரிக்காவிலே வட்டங்களும் இப்போது போய்க்கொண்டிருக்கின்றன. 2023 மார்ச்சில் நுரையீரலுக்கு எல்லை என்பதையே எடுத்துவிட்டு, நோயின் கடுமை, பிழைக்கும் வாய்ப்பு, தொலைவு எல்லாவற்றையும் ஒரே கூட்டு மதிப்பெண்ணிலே கோத்துவிட்டார்கள். ஈரலுக்கும் அம்முறையைக் கொண்டுவரும் வேலை தொடங்கியிருக்கிறது. எதற்கு எத்தனை மதிப்பெண் என்ற சண்டையும் உடன் தொடங்கியிருக்கிறது.