அட்டன்பரோக்கள் எங்கிருந்து வந்தார்கள்?

'காந்தி' (1982) படம் பார்த்தவர்களுக்கு ரிச்சர்ட் அட்டன்பரோவைத் தெரியும். பிபிசியின் விலங்குப் படங்களைப் பார்த்தவர்களுக்கு அவருடைய தம்பி டேவிட்டின் குரலே போதும். அண்ணன் தம்பி இரண்டு பேரும் இத்தனை பிரபலமாகிவிட்டதால், அட்டன்பரோ என்பது இங்கிலாந்து முழுக்கத் தெருவுக்கு ஒருவர் வைத்திருக்கும் சர்நேம் என்று தோன்றலாம். அப்படி இல்லை. ஸ்மித், ஜோன்ஸ் கூட்டத்தோடு ஒப்பிட்டால் அது மிக அரிதான பெயர். அரிதாக இருப்பதுதான் அதன் சுவாரஸ்யம். பொதுவான பெயருக்கு ஊர் கிடையாது, அரிதான பெயருக்கு உண்டு.

அட்டன்பரோவுக்கு அப்படி ஒரு ஊர் இருக்கிறது. நாட்டிங்ஹாம்ஷயரில் ட்ரென்ட் ஆற்றங்கரையில், பீஸ்டனுக்குப் பக்கத்தில், அட்டன்பரோ என்றே ஒரு சின்னக் கிராமம். பழைய செயின்ட் மேரி தேவாலயம் ஒன்று, ரயில் நிலையம் ஒன்று. ஜல்லிக்காகத் தோண்டிய பள்ளங்களில் நீர் நிரம்பி ஏரிகளாகி, அது பறவைகள் சரணாலயமாகிவிட்டது. 1966இல் அதைத் திறந்து வைத்தவர் டேவிட் அட்டன்பரோ. வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? :-) சார்லஸ் மன்னரின் தலையை வாங்கிய கூட்டத்தில் ஒருவரும், கிராம்வெல்லின் மருமகனுமான ஹென்றி அயர்ட்டன் 1611இல் பிறந்ததும் இங்கேதான்.

ஊர்ப் பெயருக்கு என்ன அர்த்தம்? 'பரோ' என்பது பழைய ஆங்கிலத்தில் 'புர்ஹ்', அதாவது அரண் கட்டிய இடம். முன்பாதி, அட்டா என்பது போன்ற ஓர் ஆளின் பெயர். 'அட்டாவின் கோட்டை' என்று வைத்துக்கொள்ளலாம். அந்த அட்டா யார், கோட்டை எங்கே என்றெல்லாம் கேட்டால் பதில் கிடையாது.

குடும்பப் பெயருக்கு இன்னொரு விளக்கமும் சொல்வார்கள். நடுக்கால ஆங்கிலத்தில் 'அட்டன்' என்றால் 'அந்த இடத்தருகே' என்று பொருள். 'அட்டன் ஆஷ்', அதாவது ஆஷ் மரத்தருகே குடியிருந்தவர், 'நாஷ்' ஆனார். 'அட்டன் ஓக்' 'நோக்ஸ்' ஆனது. அதே கணக்கில் 'அட்டன் பரோ' என்றால் கோட்டையருகே இருந்தவர். இந்த விளக்கம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு இதைத் தீர்க்க முடியாது, வரைபடம் வேண்டும். கோட்டையும் மேடும் இங்கிலாந்தில் எங்கும் உண்டு, எனவே பெயர் அப்படிப் பிறந்திருந்தால் நாடு முழுவதும் சிதறிக் கிடக்க வேண்டும். 1881 சென்சஸை வைத்துப் போட்ட சர்நேம் வரைபடங்களிலோ அட்டன்பரோக்கள் நாட்டிங்ஹாம்ஷயரிலும் பக்கத்து டெர்பிஷயரிலும்தான் அடர்த்தியாக இருக்கிறார்கள், அந்தக் கிராமத்தைச் சுற்றி. வழக்கு ஏறக்குறைய முடிந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அட்டன்பரோவிலேயே உட்கார்ந்திருக்கும் ஒருவரை யாரும் 'அட்டன்பரோக்காரர்' என்று கூப்பிட மாட்டார்கள். அங்கே எல்லோருமே அட்டன்பரோக்காரர்கள்தானே! ஊரை விட்டுப் பக்கத்து ஊருக்கோ சந்தை நகரத்துக்கோ போனவருக்குத்தான் அந்தப் பெயர் ஒட்டும். நார்மன் படையெடுப்புக்குப் (1066) பிறகு மெல்ல மெல்லப் பரவி, 1400 வாக்கில் இங்கிலாந்தில் பெரும்பாலோருக்கு வந்துவிட்ட பரம்பரைப் பெயர்களில் ஊர்ப் பெயர்கள் ஒரு பெரிய வகை. அந்த வகைப் பெயர் எல்லாமே உண்மையில் யாரோ ஒருவர் ஊரை விட்டுக் கிளம்பியதன் பதிவு. ரொம்ப தூரம் போனவர்களும் இருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டு லண்டனில் அட்டன்பரோ என்றால் பலருக்கு அடகுக்கடைதான் நினைவுக்கு வரும். ஆனாலும் பெரும்பான்மை அந்தப் பிறந்த வட்டாரத்தை விட்டு அதிகம் நகரவில்லை. காந்தி படம் எடுத்தவரின் தாத்தா ஸ்டேப்பிள்ஃபோர்டில் ரொட்டிக் கடை வைத்திருந்தார். அது அட்டன்பரோவிலிருந்து சில மைல் தூரம்தான். அறுநூறு வருஷத்தில் சில மைல்!

இதுவரை பெயரின் கதை. இங்கே பலர் ஒரு தாவு தாவிவிடுகிறார்கள். பெயர் எங்கே பிறந்ததோ அங்கேதான் அந்த மனிதர்களும் பிறந்தார்கள், எனவே இது அசல் ஆங்கிலோ-சாக்ஸன் ரத்தம் என்று. அட்டன்பரோ விஷயத்தில் இந்தத் தாவல் எங்கே போய் விழுகிறது என்று பார்த்துவிடலாம்.

லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங், மார்க் ஜாப்லிங் என்ற இரண்டு மரபணு ஆய்வாளர்கள் சர்நேம்களை டிஎன்ஏவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். (டிஎன்ஏ கைரேகையை 1984இல் அலெக் ஜெஃப்ரிஸ் கண்டுபிடித்ததும் இதே லெஸ்டரில். இந்தப் பல்கலைக்கழகம் வெறும் கல்லூரியாக இருந்த காலத்தில் அதன் முதல்வராக இருந்தவர் ஃப்ரெடெரிக் அட்டன்பரோ, ரிச்சர்டுக்கும் டேவிட்டுக்கும் அப்பா! ஆய்வாளர்கள் வேண்டுமென்றே இந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தார்களோ என்னவோ.) யோசனை எளிமையானது. ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும். இங்கிலாந்தில் சர்நேமும் பெரும்பாலும் அப்படியே போகும். எனவே ஒரே சர்நேம் உள்ளவர்களுக்கு ஒரே ஒய் இருக்க வேண்டும், இல்லையா?

2006இல் ஒரே சர்நேம் கொண்ட 150 ஜோடி ஆண்களை எடுத்துப் பார்த்தார்கள். நெருங்கிய பொது மூதாதை இருப்பதற்கான அடையாளம் நான்கில் ஒரு ஜோடிக்குத்தான் இருந்தது. அரிதான பெயர்களில் மட்டும் அது கிட்டத்தட்ட பாதி. 2009இல் 40 சர்நேம்கள், 1,678 ஆண்கள். ஸ்மித் போன்ற பெயர்களில் எந்த ஒற்றுமையும் இல்லை. ஊருக்கு ஊர் கொல்லர் இருந்தார், அத்தனை பேரும் ஸ்மித். ஆனால் அட்டன்பரோ? எழுத்து கொஞ்சம் மாறிய வடிவங்களையும் சேர்த்து, சோதித்தவர்களில் 87 சதவீதம் பேர் ஒரே ஒய் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். ஒரு பெயர், ஒரு ஊர், ஏறக்குறைய ஒரு வம்சம்.

அந்த 87 சதவீதம் பேரின் ஒய் எந்த வகை என்பதுதான் சுவையான விஷயம். அது 'ஈ' என்று எழுத்து கொடுத்திருக்கும் பெரிய கிளையின் ஓர் உட்கிளை. தாய்க்கிளை ஆப்பிரிக்காவில் தோன்றியது. இந்த உட்கிளை இன்று அதிகமாகக் காணப்படுவது பால்கன் பகுதியில். பிரிட்டனில் அபூர்வம். எப்படி வந்தது? ரோமானியப் படையோடு வந்திருக்கும் என்று சொல்பவர்கள் உண்டு, நிரூபணம் இல்லை. அட்டாவின் கோட்டை என்று சாக்ஸன் மொழியில் பெயர் வைத்த ஊரிலிருந்து பெயர் வாங்கியவரின் தந்தைவழி, சாக்ஸன்களைத் தேடிப் போகிறவர் கடைசியில் எதிர்பார்க்கும் இடத்தில் போய் முடியவில்லை. பெயரின் மூலம் வேறு, ஆளின் மூலம் வேறு. இதற்கு மேல் தெளிவாக ஓர் உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

சரி, 87 சதவீதம் என்பதால் ஆதியில் ஒரே ஓர் அட்டன்பரோதான் இருந்தார் என்று அர்த்தமா? அதுவும் அவசரம். ஊரிலிருந்து நான்கைந்து பேர் கிளம்பியிருக்கலாம், ஆளுக்கொரு ஒய்யோடு. 1348-49 கொள்ளைநோயில் இங்கிலாந்தின் ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனது. அதற்குத் தப்பினாலும் எல்லோருக்கும் மகன்கள் பிறப்பதில்லை. மகள்கள் மட்டும் பிறந்தால் அந்த வீட்டில் பெயரும் ஒய்யும் அத்தோடு சரி. சர்நேம்கள் இப்படித் தற்செயலாகவே அழிந்துபோவதற்கு என்ன கணக்கு என்று ஃபிரான்சிஸ் கால்டன் 1873இல் ஒரு புதிர் போட்டார். வாட்சன் என்ற பாதிரியார் விடை எழுதினார், இன்றும் அது புள்ளியியலில் பாடம். இதே கால்டன்தான் பத்து வருஷம் கழித்து 1883இல் 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லை உருவாக்கினார். நல்ல குலம் எது என்று பிரிக்கக் கிளம்பிய அந்தச் சொல் பிற்பாடு செய்த நாசம் ஊரறிந்தது. வம்சங்கள் குருட்டு அதிர்ஷ்டத்தாலேயே பிழைக்கும் அல்லது அழியும் என்ற கணக்கைக் கேட்ட அதே ஆள்!

மீதி 13 சதவீதம் பேரை என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, அவர்களும் அட்டன்பரோக்கள்தான். தத்து எடுத்திருப்பார்கள். கல்யாணம் ஆகாத தாயின் பெயர் பிள்ளைக்கு வந்திருக்கும். சொத்துக்காக மாப்பிள்ளை பெண்வீட்டுப் பெயரை ஏற்றிருப்பார். அல்லது பக்கத்து வீட்டுக்காரர் சம்பந்தப்பட்ட விஷயமாக இருக்கும். இந்த மாதிரித் தடம் மாறுதல் தலைமுறைக்கு நூற்றுக்கு இரண்டு என்று வைத்தாலும், இருபது தலைமுறையில் மூன்றில் ஒரு பங்கு வம்சக் கோடுகள் எங்கோ ஓரிடத்தில் அறுந்திருக்கும். கால்குலேட்டர் வைத்திருப்பவர்கள் 0.98ஐ இருபது முறை பெருக்கிப் பார்க்கலாம்.

ராஜ வம்சமும் இதற்கு விலக்கில்லை. 2012இல் லெஸ்டரில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் மூன்றாம் ரிச்சர்ட் மன்னரின் எலும்புக்கூடு கிடைத்தது. டிஎன்ஏ பார்த்தது அதே டூரி கிங். 2014இல் முடிவு வந்தது. மன்னரின் சகோதரி வழியாகத் தாய்வழியில் வந்த இன்றைய உறவினர்களோடு பொருந்தியது. தந்தைவழியில் காகிதத்தில் சரியாக இருக்கும் ஐந்து ஆண்களோடு பொருந்தவே இல்லை. போதாக்குறைக்கு அந்த ஐந்து பேரில் ஒருவர் மற்ற நால்வரோடும் பொருந்தவில்லை. பிரபுக்களின் வம்சாவளி, பதிவேடு பதிவேடாக எழுதி வைத்தது. அதற்கே இந்தக் கதி.

யார்க்ஷயர் கதை இதைவிடக் கனமானது. 2007இல் இதே குழு, கிழக்கு யார்க்ஷயரைச் சேர்ந்த ஓர் அபூர்வ சர்நேம் கொண்ட வெள்ளைக்காரர் ஒருவரிடம், அதுவரை மேற்கு ஆப்பிரிக்க வழிவந்தவர்களிடம் மட்டுமே தெரிந்திருந்த ஒரு மிகப் பழைய ஒய் வகையைக் கண்டது. ஆப்பிரிக்கத் தொடர்பு எதுவும் அவர் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. அதே சர்நேம் உள்ள 18 பேரைச் சோதித்தபோது ஏழு பேரிடம் அது இருந்தது. பழைய பதிவேடுகளைப் பார்த்ததில் அவர்கள் இரண்டு குடும்ப மரங்களில் அடங்கினார்கள், இரண்டுமே 18ஆம் நூற்றாண்டுவரை போகின்றன. அடிமை வியாபாரக் காலத்தில் வந்த ஒருவரா? அல்லது மூன்றாம் நூற்றாண்டில் ஹேட்ரியன் சுவரருகே காவல் இருந்த ரோமானியரின் மூர் படைப்பிரிவு மாதிரி ஏதாவதா? ஆய்வாளர்கள் இரண்டையும் திறந்தே விட்டார்கள்.

கறுப்பர்கள் பிரிட்டனுக்கு 1948இல் விண்ட்ரஷ் கப்பலில்தான் முதன்முதலில் வந்தார்கள் என்பது போலவும், அதற்கு முன் நாடு ஒரே நிறமாக இருந்தது போலவும் பேசும் அரசியல் அங்கே உண்டு. அரிதான சர்நேம்தான் 'மண்ணின் மைந்தர்' என்பதற்கு அடையாள அட்டை என்று காட்டுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு இந்த யார்க்ஷயர் பெயர் பெரிய சங்கடம். நூறு வருஷத்துக்கு மேல் ஒரே வட்டாரத்தில் இருக்கும் பெயர். வரைபடத்தில் அழகாக ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குள் ஆப்பிரிக்கா இருக்கிறது.

அதற்காக அந்த ஏழு பேரை இனி 'ஆப்பிரிக்கர்' என்று கூப்பிட்டால் அதுவும் அதே தப்புதான், திசை மட்டும் மாறியிருக்கிறது. பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு மூதாதையர் வரிசையில் 1,024 இடங்கள். ஒய் குரோமோசோம் அதில் ஒரே ஓர் இடத்தைத்தான் சொல்லும். மீதி 1,023 பேரைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. சர்நேமுக்கும் அவ்வளவுதான் தெரியும். டிஎன்ஏ கம்பெனிகள் 'நீங்கள் யார்?' என்று விளம்பரம் செய்யும்போது இந்த விகிதத்தைப் பெரிய எழுத்தில் போடுவதில்லை. இன்னொரு பழைய வியாபாரமும் இருக்கிறது, 'உங்கள் சர்நேமின் குலச்சின்னம்' என்று சட்டம் போட்டு விற்பது. ஆங்கிலேய முறையில் சின்னம் வழங்கப்படுவது குறிப்பிட்ட ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும்தான், ஒரு சர்நேமுக்கு அல்ல. காசு தண்டம்.

வரைபடத்தில் வராதவர்களும் உண்டு. கல்லூரி முதல்வர் ஃப்ரெடெரிக், ஆதி ஆங்கிலேய மன்னர்களின் சட்டங்களை மொழிபெயர்த்து 1922இல் புத்தகம் போட்டவர், ஆங்கிலோ-சாக்ஸன் அறிஞர். 'புர்ஹ்' என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1939இல் பெர்லினிலிருந்து தப்பி வந்த இரண்டு யூதச் சிறுமிகளை அவரும் மனைவியும் வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். யுத்தம் முடியும்வரை மூன்று பையன்களோடு சேர்ந்து அவர்களும் அந்த வீட்டில்தான் வளர்ந்தார்கள். ஒய்யும் சொல்லாது, 1881 மாதிரி ஒரு சர்நேம் வரைபடமும் சொல்லாது.

அரிதான பிரிட்டிஷ் சர்நேம் ஒன்றின் ஊரைத் தேட நினைப்பவர்கள் டிஎன்ஏவை முதலில் தொடாமல் இருப்பது நல்லது. முதலில் 1881 வரைபடம், இணையத்திலேயே கிடைக்கும். அதில் பெயர் எங்கே குவிந்திருக்கிறதோ அந்த வட்டாரத்தின் தேவாலயப் பதிவேடுகள் அடுத்து. 1538இல் தாமஸ் கிராம்வெல் போட்ட உத்தரவால் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதத் தொடங்கினார்கள். அந்தப் பதிவேடுகளில் ஒரே ஆளின் பெயரைப் பாதிரியார் இரண்டு விதமாக எழுதியிருப்பார், எனவே எழுத்து மாறிய வடிவங்களையும் சேர்த்தே தேட வேண்டும். இவ்வளவும் முடிந்து இன்னும் ஆசை மிச்சமிருந்தால் எச்சில் குழாயை அனுப்பலாம். வருகிற பதில் 1,024இல் ஒருவரைப் பற்றியது.