வாட்ஸப்பில் பேசும் வாடகை

உத்தியோகம் நாடுவோர் தம் யோக்கியதாம்சங்களை உலகறியச் செய்வதற்கென்று 2003-இல் தோன்றிய லிங்க்ட்இன் தளத்தையே தொழில்முறைத் தொடர்புக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கமாயினும், நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்து லாரி முதலாளிகள் வாட்ஸப் குழுக்களில் நடத்தும் விவகாரமே அதனினும் கவனத்துக்குரியது என்பது என் அபிப்பிராயம். 'நாக்பூரில் வண்டி காலி, 12 சக்கரம், சேலத்துக்கு லோடு வேண்டும்' என்ற ஒரே செய்தி, புக்கிங் ஆபீஸ் வாசலில் டிரைவர் நாட்கணக்கில் காத்துக் கிடக்கும் சிரமத்தைக் குறைக்கிறது. ஆயினும், முகமறியாத புரோக்கர் ஒருவர், முன்பணம் போக மீதி வாடகையைத் தராமல் கைபேசி எண்ணையே மாற்றிக்கொண்டால், டீசலுக்கும் சுங்கச்சாவடிக்கும் கைக்காசைக் கொடுத்த லாரிக்காரர் யாரிடம் முறையிடுவார்? ஆகையால், சரக்கு அனுப்புபவரின் ஜிஎஸ்டி எண்ணையும் பாக்கி தீர்க்கும் தேதியையும் சரிபார்த்த பின்னரே லோடு பதிய அனுமதிப்பதென்று லாரி உரிமையாளர் சங்கங்கள் நிபந்தனை விதிக்க வேண்டும். அதற்கு உட்படாத புரோக்கரைத் தாட்சண்யமின்றி விலக்கவும் வேண்டும்.