ஆயிரம் ரூபாய்தானே?

"ஒரு கால்குலேட்டர்கூட வாங்க முடியாதா?" பொறியியல் கல்லூரியில் முதல் செமஸ்டரிலேயே நம் பிள்ளைகளைப் பார்த்துக் கேட்கிறார்கள். கேட்பவருக்கு ஆயிரம் ரூபாய் சில்லறை. 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி 319 ரூபாய். அம்மா மூன்று நாளுக்கு மேல் மண் வெட்டினால்தான் ஒரு கேசியோ எஃப்எக்ஸ்-991 கைக்கு வரும்.

கருவி மீது நமக்குக் கோபமில்லை. இணையம் வேண்டாம், சார்ஜ் வேண்டாம், கீழே விழுந்தாலும் வேலை செய்யும். சீனியரிடமிருந்து ஜூனியருக்குப் போய்ப் பல வருடம் உழைக்கும். ஆனால் சேரியிலிருந்து முதல் ஆளாக வருகிறவருக்கு எந்த சீனியர் இருக்கிறார்?

இதே கணக்கைப் போனில் இலவசமாகப் போடலாம். தேர்வறையில் போனுக்கு அனுமதியில்லை. பக்கத்து மாணவரிடம் கைமாற்றவும் கூடாது. அப்படியென்றால் அங்கே பாடத்தோடு சேர்த்து அப்பாவின் பர்ஸுக்கும் தேர்வு நடக்கிறது. உதவித்தொகை வரும் என்பார்கள். பல நேரம் அது தேர்வு முடிந்த பிறகுதான் வருகிறது.

மாற்று வழி கண்முன்னே இருக்கிறது. கேட் தேர்வுக்கு யாரும் கால்குலேட்டர் கொண்டுவரக் கூடாது. எல்லோருக்கும் திரையிலேயே ஒன்று. அரசுப் பள்ளியில் ஜியாமெட்ரி பாக்ஸை இலவசமாகத் தரும் அரசின் கை, கல்லூரி வாசலில் ஏன் மடங்குகிறது?

தோழர்களே, படிப்பு முடிந்ததும் உங்கள் கால்குலேட்டரை ஜூனியருக்குக் கொடுங்கள். அதோடு நிற்காதீர்கள். தேர்வுக் கட்டணம் வாங்கும் நிர்வாகமே தேர்வறையில் கால்குலேட்டர் தர வேண்டும் என்று மனு கொடுங்கள். நாம் கேட்பது தானமல்ல, சமமாகத் தேர்வெழுதும் உரிமை.