மாட்டுக்கு டாக்டர் செக்கப் உண்டு... ஓடுற பயலுக்கு?

தலைப்பைப் பார்த்துட்டு ஜல்லிக்கட்டுப் பதிவுன்னு ஓடி வந்தவங்க மன்னிக்கணும். இது வேற மேட்டர். ஆனா ஆரம்பம் என்னமோ வாடிவாசல்லதான்.

புதுக்கோட்டைப் பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்ல வேண்டாம். ஜனவரி பொறந்தா தச்சங்குறிச்சியில தொடங்கி மாவட்டம் பூரா வாடிவாசல் திறந்துடும். எங்க அன்னவாசல்லயும் உண்டு. காளையை அவிழ்க்கறதுக்கு முன்னாடி கால்நடை டாக்டர் பார்க்கணும். மாடு பிடிக்க வர்ற பசங்களை மருத்துவக் குழு பார்க்கணும். பிரஷர், எடை, தண்ணி போட்டிருக்கானா என்பது வரைக்கும் பார்த்துதான் உள்ள விடுறாங்க. நல்ல விஷயம்.

அதே பசங்க மத்த நாள்ல என்ன பண்றாங்க? காலங்காத்தால அஞ்சு மணிக்கு எழுந்து போலீஸ் செலக்‌ஷனுக்கும் ஆர்மிக்கும் ஓடறாங்க. நம்ம ஊர்ல போலீஸ் வேலைக்கு 1500 மீட்டரை 7 நிமிஷத்துல முடிக்கணும். ஆர்மின்னா 1.6 கிலோமீட்டர். சித்தன்னவாசல் ரோட்டுல விடியறதுக்கு முன்னாடி வண்டியில போனா, இருட்டுக்குள்ள இருந்து திடீர்னு பத்துப் பேர் எதிர்ல ஓடி வருவாங்க. எனக்கு நெஞ்சு அடைச்சுப் போகும், அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது :-)

அங்க எவனுக்கும் செக்கப் கிடையாது. "உனக்கு ஏதாவது வியாதி இருக்கா தம்பி?"ன்னு ஒரு வார்த்தை கிடையாது. ஓடுன்னா ஓடணும், அவ்வளவுதான்.

போன சித்திரை வரைக்கும் இதையெல்லாம் நானும் பெருமையாத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். எங்க அக்கா மகன் மாட்டினதுக்கு அப்புறம்தான் புத்தி வந்துச்சு.

பய சென்னையில ஏ.சி. போட்ட கடையில ரெண்டு வருஷம் வேலை பார்த்தவன். லேசா தொப்பை. "மாமா, போலீஸுக்கு எழுதப் போறேன்"னு ஊருக்கு வந்தான். எனக்கு ஒரே சந்தோஷம். கிரவுண்டுல சேர்த்து விட்டதோட நிக்காம, திருச்சிக்குப் போனப்ப ஒரு பிளாஸ்டிக் கோட்டும் வாங்கிட்டு வந்தேன். அதான், போட்டுக்கிட்டு ஓடினா வேர்த்துக் கொட்டி எடை குறையும்னு விக்கறாங்களே, அது. காசு குடுத்து வாங்கினவன் நான்தான் என்பதை இங்கேயே ஒத்துக்கறேன்.

முதல் நாளே, மூணு மாசமா ஓடிக்கிட்டு இருக்கற பசங்களோட சேர்த்து விட்டாங்க. ஓட்டம் முடியற வரைக்கும் தண்ணி கூடாது, குடிச்சா வயித்தைப் பிடிக்கும். மூணாம் நாள் லேட்டா போனதுக்கு தண்டனை, 200 தோப்புக்கரணம், மேல தவளை ஓட்டம். அன்னைக்கு ராத்திரி கால் தூக்க முடியல. மறுநாள் மாஸ்டர்கிட்ட சொன்னதுக்கு, "லாக்டிக் ஆசிட் தேங்கிருச்சு, இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடு, கரைஞ்சிரும்"னு பதில். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வலிச்சாதான் மாப்ள உடம்பு ஏறும்". அதுக்கு அடுத்த நாள் காலையில ஒண்ணுக்குப் போனா கட்டன் டீ கலர்ல வருது. "உடம்புச் சூடு, மோர் குடி"ன்னு அதுக்கும் ஒரு வைத்தியம்.

அக்காதான் கேக்கல. அழுதுகிட்டே ஆட்டோவைக் கூப்பிட்டுச்சு. புதுக்கோட்டையில ஒரு ஆஸ்பத்திரியில ரத்தம் எடுத்துப் பார்த்தா, இருநூறு சொச்சத்துக்குள்ள இருக்க வேண்டிய சி.கே. என்கிற அளவு முப்பதாயிரத்தைத் தாண்டிப் போயிருக்கு. டாக்டர் சொன்னது: தசை நார் உடைஞ்சு, உள்ளே இருக்கற மயோகுளோபின் என்கிற சமாச்சாரம் ரத்தத்துல கலந்து, கிட்னியை அடைக்கப் பார்க்குது. பேரு ராப்டோமயோலிசிஸ். அஞ்சு நாள் சலைன் ஏத்தி, கிட்னி தப்பிச்சுது. இன்னும் ஒரு நாள் மோர் குடிச்சுக்கிட்டு இருந்திருந்தா என்னவோ.

இந்த வியாதி ஒண்ணும் புதுசு இல்ல. 1941ல லண்டன்ல குண்டு வீச்சுல இடிபாட்டுக்குள்ள மாட்டினவங்க, வெளிய எடுத்த பிறகு கிட்னி பழுதாகிச் செத்ததைப் பார்த்து பைவாட்டர்ஸ் என்கிற டாக்டர் எழுதி வச்சிருக்கார். கட்டிடம் இடிஞ்சு மேல விழுந்து வந்த வியாதி, எங்க ஊர்ல தோப்புக்கரணத்துல வந்திருக்கு.

நிற்க. ஜல்லியடிக்காம சொல்ல வந்ததைச் சொல்லிடறேன். அடுத்தவன் உடம்பை ஓட விடறவர், தூக்க விடறவர், அவர் ஜிம் மாஸ்டரோ கிரவுண்டு மாஸ்டரோ, அந்த உடம்பு எப்படி வேலை செய்யுதுன்னு கொஞ்சமாவது படிச்சிருக்கணும். டம்பிள்ஸ் பிடிக்கத் தெரிஞ்சா மட்டும் போதாது. ஆட்டோ ஓட்ட லைசென்ஸ் கேக்கறோம், மருந்துக் கடை வைக்க படிப்பு கேக்கறோம். ஜிம் போர்டு மாட்டறவர்கிட்ட ஒரு கேள்வியும் கேக்கறதில்ல.

நான் டாக்டர் இல்ல. மருமகன் பெட்டுல கிடந்த அஞ்சு நாளும், அதுக்கப்புறமும் தேடித் தேடிப் படிச்சதுதான் எல்லாம். படிக்கப் படிக்க எனக்கே வெக்கமா இருந்துச்சு.

வேர்வையையே எடுத்துக்குங்க. வேர்த்தா கொழுப்பு கரையுதுன்னு எத்தனை வருஷமா நம்பிக்கிட்டு இருந்தேன்! 60 கிலோ ஆள் ஒரு கிலோமீட்டர் ஓடினா செலவு ஏறத்தாழ 60 கிலோகலோரி. பத்து கிலோமீட்டருக்கு 600. ஒரு கிலோ கொழுப்பு கரைய 7,700 வேணும். கணக்குப் போட்டா பத்து கிலோமீட்டருக்கு 80 கிராம்கூட தேறல. ஆனா எடை மெஷின்ல ஏறினா ஒண்ணரைக் கிலோ குறைஞ்சிருக்கும். அது பூரா தண்ணி. ஒரு சொம்பு குடிச்சா திரும்ப வந்துடும்.

அப்ப வேர்வை எதுக்கு? தசை ஒரு மோசமான எஞ்சின். போடற எரிபொருள்ல கால்வாசிதான் ஓட்டத்துக்கு, மீதி முக்கால்வாசி வெறும் சூடு. (தசையில சூடு எப்படி உண்டாகுதுன்னு கண்டுபிடிச்ச ஏ.வி. ஹில்லுக்கு 1922ம் வருஷ நோபல் பரிசே குடுத்திருக்காங்க.) அந்த 60 கிலோ ஆள் ஒரு மணி நேரத்துல பத்து கிலோமீட்டர் ஓடினா உடம்புக்குள்ள 450 கிலோகலோரி சூடு சேருது. 50 சேர்ந்தாலே உடம்பு ஒரு டிகிரி ஏறும். வெளிய தள்ள வழி இல்லேன்னா ஒன்பது டிகிரி ஏறணும், அதுக்கு ரொம்ப முன்னாடியே ஆள் போயிடுவான். ஒரு லிட்டர் வேர்வை காத்துல ஆவியாச்சுன்னா 580 கிலோகலோரியை எடுத்துக்கிட்டுப் போகும். கவனிங்க, ஆவியாகணும். சொட்டிக் கீழ விழுந்த வேர்வையால பிரயோஜனம் இல்ல. பிளாஸ்டிக் கோட்டு என்ன பண்ணுது? ஆவியாகவே விடாது. மழை விடாத லாரி எஞ்சினுக்கு தார்ப்பாய் போர்த்தி மேட்டுல ஏத்தற கதை. அதைத்தான் நான் முழுசா காசு குடுத்து வாங்கியிருக்கேன்.

லாக்டிக் ஆசிட் கதையும் அப்படித்தான். அது ஓட்டம் நின்ன ஒரு மணி நேரத்துக்குள்ள ரத்தத்தை விட்டுப் போயிடும். மறுநாள் வர்ற வலி தசை நார்ல விழுந்த நுணுக்கமான காயத்துல வர்றது, அதுவும் தசை நீண்டுக்கிட்டே பாரம் தாங்கறப்பதான் அதிகம் விழுது. சித்தன்னவாசல்ல ஏழடிப்பட்டம் பார்க்க ஏறியிருக்கீங்களா? ஏறறப்ப மூச்சு வாங்கும், ஆனா மறுநாள் தொடை வலிக்கறது இறங்கினதுக்குத்தான். தோப்புக்கரணத்துல கீழ உக்கார்றதும் அதே கணக்கு. பழகாத தொடையில 200 தடவை உக்காந்தா என்ன ஆகும்னு எங்க வீட்டுல பார்த்தாச்சு. வலியோட இன்னும் ரெண்டு ரவுண்டுங்கறது புண்ணுல சுத்தியல் வச்சு அடிக்கிற மாதிரி.

வெயில் பழக்கம் இன்னொண்ணு. ஏ.சி.யில இருந்து வந்த உடம்பு சித்திரை வெயிலுக்குப் பழக ஒண்ணுல இருந்து ரெண்டு வாரம் ஆகும். அந்த நாள்லதான் ரத்தத்துல நீர்ச்சத்து கூடும், வேர்வை சீக்கிரமே சுரக்கத் தொடங்கும், வேர்வையில உப்பு போறது குறையும். முதல் வாரம் பாதி வேலை குடுத்தா போதும், உடம்பு தானா வழிக்கு வந்துடும். நம்ம ஆளுங்க அறிவிப்பு வந்த அன்னைக்குத்தான் ஷூவே வாங்கறாங்க. புதுப்பயலை நாலு சுத்து கூடுதலா ஓட விடறதுதான் கிரவுண்டு வழக்கம். உடலியல் சொல்றது நேர் எதிர்.

"எங்க காலத்துல நாங்க ஓடலையா, செத்தா போயிட்டோம்?"னு கேக்கறவங்களுக்கு ஒரு சேதி. 2024 ஆகஸ்ட் கடைசியில ஜார்க்கண்ட்ல கலால் துறை கான்ஸ்டபிள் தேர்வு நடந்துச்சு. பத்து கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துல ஓடணும். மழைக்காலப் புழுக்கம். சில நாள்லயே பத்துக்கு மேற்பட்ட பசங்க செத்தாங்க. எல்லாம் வேலை தேடி வந்த இளவட்டங்க. அப்புறம்தான் ஓட்டத்தை நிறுத்தி வச்சாங்க, விடியற்காலையில முடிக்கணும்னு யோசிச்சாங்க.

இதுக்கு வழி இல்லாமலும் இல்ல. அமெரிக்காவுல மரைன் படைக்குப் பயிற்சிக்கு வந்த பசங்க வெயில்ல சுருண்டு விழறதைப் பார்த்து, வெப்பம், புழுக்கம், காத்து, வெயில் எல்லாத்தையும் சேர்த்து ஒரே எண்ணா அளக்க 1950கள்லயே ஒரு முறை கொண்டு வந்தாங்க. எண்ணுக்கு ஏத்த மாதிரி கம்பத்துல கொடி. பச்சை, மஞ்சள், சிவப்பு. கறுப்புக் கொடி ஏறிட்டா அவசியம் இல்லாத பயிற்சி எல்லாம் நின்னுடும். பட்டாளத்துக்காரனே கொடியைப் பார்த்து நிறுத்தறான்!

அதே மாதிரி, ஓடறப்ப ஒருத்தன் விழுந்து, பேச்சு குழறி, உடம்பு கொதிச்சா அது ஹீட் ஸ்ட்ரோக். 108க்கு போன் பண்ணிட்டு வண்டி வர்ற வரைக்கும் சுத்தி நின்னு விசிறக் கூடாது. பக்கத்து பம்பு செட்டு தொட்டியில கழுத்து வரைக்கும் இறக்கி, தலையைத் தாங்கிப் பிடிச்சுக்கணும். தொட்டி இல்லேன்னா குடம் குடமா ஊத்தணும். முதல்ல குளிர வைக்கணும், அப்புறம்தான் ஏத்திக்கிட்டுப் போகணும். வாயில சோடா ஊத்தறது, வெங்காயத்தை மூக்குல காட்டறது எல்லாம் வேலைக்கு ஆகாது. மூச்சே இல்லேன்னா நெஞ்சுக்கு நடுவுல நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவை அழுத்தணும். இதைக் கத்துக்க ஒரு சாயங்காலம் போதும்.

"சரி, இனிமே நிறைய தண்ணி குடிக்கச் சொல்றோம்"னு அந்தப் பக்கம் சாய்ஞ்சாலும் வம்பு. 2002 போஸ்டன் மாரத்தான்ல ஓடினவங்க 488 பேர் ரத்தத்தைச் சோதிச்சதுல நூத்துக்கு 13 பேருக்கு உப்பு கம்மியா இருந்துச்சு. தேவைக்கு மேல குடிச்சது முக்கியமான காரணம். தாகத்துக்குக் குடிக்க விடுங்க, தடுக்காதீங்க, அவ்வளவுதான்.

இவ்வளவையும் எழுதிட்டு அந்த மாஸ்டரைத் திட்டிட்டுப் போயிருந்தா எனக்கு ஈஸிதான். மனசு வரல. அந்த மனுஷன் யார்கிட்டயும் காசு வாங்கறதில்ல. சொந்த வேலைக்குப் போறதுக்கு முன்னாடி தினமும் ரெண்டு மணி நேரம் வெயில்ல நிக்கறார். அவர் கிரவுண்டுல ஓடிக் காக்கிச் சட்டை போட்டவங்க இருக்காங்க. பசங்களுக்கு அவர் வார்த்தை வேதவாக்கு. எங்க மருமகன் டாக்டர் சொன்னதைக் கேட்டதைவிட அவர் சொன்னதைத்தான் கேட்டான். அதனாலதான் சொல்றேன், டாக்டருக்குத் தெரிஞ்சிருந்தா மட்டும் பத்தாது, மாஸ்டருக்குத் தெரிஞ்சிருக்கணும். டாக்டர்கிட்ட நாம விழுந்த பிறகு போறோம். மாஸ்டர்கிட்ட விழறதுக்கு முன்னாடி இருக்கோம்.

ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்துக்கிட்டு அவரைப் பார்க்கப் போனேன். சண்டை போடற மூடுலதான் போனேன். அவர் சீட்டை ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசல.

"எங்க மாஸ்டர் எங்களுக்குத் தண்ணி குடுக்க மாட்டார்ணே. அவருக்கு அவங்க மாஸ்டர் குடுத்திருக்க மாட்டார். இதெல்லாம் எங்களுக்கு யார்ணே சொல்லிக் குடுத்தா?"

எனக்குப் பதில் வரல. பக்கத்து காரைக்குடியிலயே அழகப்பா பல்கலைக்கழகத்துக்கு உடற்கல்விக் கல்லூரி இருக்கு. சென்னையில ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி 1920ல இருந்து இருக்கு. இதுக்குன்னே தனியா ஒரு பல்கலைக்கழகமும் இருக்கு. அங்க உடலியல் ஒரு பாடம். அந்தப் பாடம் அன்னவாசல் பொட்டலுக்கு வந்து சேர ஒரு ஞாயித்துக்கிழமைகூட யாரும் ஒதுக்கல. செலக்‌ஷன் அறிவிக்கிற அரசாங்கம், ஊருக்கு ஒரு கிரவுண்டு மாஸ்டரைக் கூப்பிட்டு ரெண்டு நாள் வகுப்பு எடுத்தா என்ன குறைஞ்சிடும்? கனடாவுல 1970கள்லயே ஏழு கேள்வி போட்டு ஒரு தாள் தயாரிச்சாங்க: நெஞ்சு வலி உண்டா, மயக்கம் வருமா, பிரஷர் உண்டா, இந்த மாதிரி. அதைத் தமிழ்ல எழுதி ஜெராக்ஸ் எடுக்க எவ்வளவு ஆகும்? நானே எழுதி முப்பது காப்பி எடுத்துக் குடுத்துட்டு வந்தேன். இதைப் படிக்கிறவங்கள்ல உடற்கல்வி, பிசியோதெரபி படிச்ச பதிவர்கள் இருந்தா, தப்பு இருந்தா பின்னூட்டத்துல திருத்துங்க. அந்தத் தாளை அடுத்த தடவை திருத்தியே ஜெராக்ஸ் எடுக்கறேன்.

மருமகன் இப்ப நடக்க மட்டும் செய்றான், டாக்டர் சொன்ன கணக்குல. இந்த வருஷ செலக்‌ஷன் போச்சு. கிரவுண்டுல வேப்பமரத்தடியில ஒரு நீல டிரம்மும் ரெண்டு சொம்பும் வந்திருக்கு. மாஸ்டர் தாளைப் பசங்ககிட்ட குடுத்தாரான்னு நான் கேட்டுக்கல. பிளாஸ்டிக் கோட்டை அக்கா கோழிக்கூண்டு மேல மழைக்குப் போட்டு வச்சிருக்கு.