சமையல்கட்டுக்கு மேட்சிங் பிளவுஸ்

மணலியில் எனக்கு அண்ணன் முறை ஆகிற ஒருவர் இருக்கிறார். இருபது வருட வாடகை வாசத்துக்குப் பிறகு, கடன் வாங்கி, நகை வைத்து, சொந்த வீடு கட்டிக்கொண்டிருக்கிறார். சென்ற மாதம் போன் செய்தார். 'கிச்சன் மேடைக்குக் கல் எடுக்கப் போறோம். நீயும் வாப்பா, நாலு விஷயம் தெரிஞ்சவன்' என்றார். கடைசி வார்த்தையில் மயங்கிப் போய்விட்டேன்.

வாசலில் ஆட்டோ நின்றது. அண்ணன் கையில் ஒற்றை டைல்ஸ். ஆரஞ்சு, பச்சை, மஞ்சள் என்று கட்டம் கட்டமாக. நடுவில் ஒரு காபிக் கோப்பை, அதிலிருந்து ஆவி வேறு. இதற்கு ஹைலைட்டர் என்று பெயராம். மேடைக்கு மேலே சுவரில் ஒட்டுவதற்காக ஆறு பெட்டி வாங்கி ஹாலில் அடுக்கியாகிவிட்டது.

'இதை எதுக்குண்ணே தூக்கிட்டு வர்றீங்க?'

'இதுக்கு மேட்சா இல்ல கல் எடுக்கணும்?'

புடவையைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மேட்சிங் சென்டர் படியேறி, 'இந்த பார்டருக்கு பிளவுஸ் பிட் காட்டுங்க' என்று கேட்பார்கள் அல்லவா, அதே முகம்.

'அண்ணி வரலையா?'

'அவ எப்படி வருவா? பதினாலு கேரியர் இருக்கே.'

அண்ணி பக்கத்துக் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறார். காலை ஐந்து மணிக்கு அடுப்படியில் நின்றால் பதினொன்றரை வரை நகர முடியாது. அந்த மேடை முன்னால் தினம் ஆறரை மணி நேரம் நிற்கப்போவது அவர்தான். கல் எடுக்கப் போனதோ நாங்கள் இரண்டு ஆம்பிளைகளும் ஒரு காபிக் கோப்பையும்.

இந்த வாரம் எனக்குச் சண்டை அந்தக் காபிக் கோப்பையோடுதான்.

மாதவரம் பக்கம் போனால் வரிசையாகக் கல் கடைகள். கடைக்காரத் தம்பி டைல்ஸை வாங்கிப் பார்த்து ஒரு நொடியில் தீர்ப்புச் சொன்னார். 'டைல்ஸ் கலர்ஃபுல்லா இருந்தா ஸ்லாப் பிளெயினா போயிடுங்க சார். ரெண்டும் டிசைன்னா கண்ணு வலிக்கும்.' இது நியாயமான பேச்சு, நான் மறுக்கவில்லை. சுவரும் மேடையும் ஒரே நேரத்தில் கத்தினால் அது சமையல்கட்டு இல்லை, தேர்த் திருவிழா. ஆனால் அடுத்த வாக்கியத்தில் அவர் கை நேராக வெள்ளைக்குப் போய்விட்டது. பளிங்கு, குவார்ட்ஸ், நானோ ஒயிட். 'குவார்ட்ஸ்தான் இப்ப மூவிங். கறையே பிடிக்காது.'

நம் வீடுகளில் இது வருடக்கணக்காக நடக்கிறது. முதலில் டைல்ஸ் பிடித்துப்போகிறது. அதற்கு ஏற்ற கல், கல்லுக்கு ஏற்ற கப்போர்டு, கப்போர்டுக்கு ஏற்ற கைப்பிடி. கடைசியில், இதற்கெல்லாம் ஏற்ற மாதிரி சமைக்கக் கற்றுக்கொள்ளவேண்டியது வீட்டுப் பெண். 'சூடான பாத்திரத்தை வைக்காதே', 'மஞ்சள் சிந்தாதே', 'எலுமிச்சம்பழத்தை அங்கே வெட்டாதே.' அவர் சமைக்க வந்தாரா, கல்லுக்குக் காவல் இருக்க வந்தாரா?

கொஞ்சம் கல் பாடம் படிப்போம். பளிங்கும் நம் பழைய கடப்பாக் கல்லும் சுண்ணாம்பு வகை. புளிக்கரைசல், எலுமிச்சை, மோர், தக்காளி என்று எந்தப் புளிப்பு பட்டாலும் பாலிஷ் அரித்துப்போகும். அழுக்கு என்று நினைத்துத் தேய்ப்போம். அது அழுக்கில்லை, கல்லே கொஞ்சம் போய்விட்டது. கடப்பாவில் பளபளப்பு மங்கும். வெள்ளைப் பளிங்கில் மஞ்சளும் எண்ணெயும் சேர்ந்து நிரந்தரக் குடியிருப்பு வாங்கிக்கொள்ளும். புளி இல்லாமல் குழம்பு வைக்காத ஊரில் பளிங்கு மேடை போடுவது, மழைக்காலத்தில் காகிதச் செருப்புப் போடுவது மாதிரி.

குவார்ட்ஸ் என்று விற்பது மலையில் வெட்டிய கல் இல்லை. கல் தூளையும் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்த பலகை. கறை விஷயத்தில் கடைக்காரத் தம்பி சொன்னது பெரும்பாலும் சரி. சூட்டைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. பிசின் சுமார் 150 டிகிரிக்கு மேல் தாங்காது. விசில் வந்த குக்கருக்குள்ளேயே 120 டிகிரி இருக்கும். நெருப்பில் இருந்து இறக்கிய தோசைக்கல் 200-ஐத் தாண்டும். அதை அப்படியே இறக்கி வைத்தால் வெள்ளையில் மஞ்சள் வட்டம் விழும், சமயத்தில் விரிசலும் விடும். அந்தப் பிசின் பெட்ரோலியச் சரக்கு. பாலியெஸ்டர் பிசினுக்கான மூலப்பொருள்களில் ஒன்றான ப்ரோப்பிலீன் கிளைக்கால் தயாராவது இதே மணலியில். வெளிநாட்டுச் சரக்கு என்று பெருமையோடு அண்ணன் தடவிப் பார்த்த பலகையில் அடுத்த தெரு ரசாயனம் கலந்திருக்கவும் கூடும்.

இதுவரை சொன்னது பணக் கஷ்டம். இனிமேல் சொல்வது உயிர்.

ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தச் செயற்கைக் கல்லைத் தயாரிக்கவும் விற்கவும் வெட்டவும் பொருத்தவும் தடை போட்டுவிட்டது. உலகிலேயே முதல் நாடு. காரணம் சிலிக்கா. கிரானைட்டில் சிலிக்கா சுமாராக 20-லிருந்து 45 சதவீதம். செயற்கைக் குவார்ட்ஸில் 90-ஐத் தாண்டிப் போவது சகஜம். வெட்டும்போது கிளம்பும் மெல்லிய தூசு நுரையீரலில் போய் உட்கார்ந்து தழும்பாக இறுகும். சிலிகோசிஸ் என்று பெயர். குணப்படுத்த மருந்து கிடையாது. சமையல் மேடை வெட்டிய முப்பது, நாற்பது வயது இளைஞர்கள் மூச்சு விட முடியாமல் விழுந்த பிறகுதான் அந்த நாட்டுக்கு ஞானம் வந்தது. நம் தொழிலாளர் சட்டத்திலும் சிலிகோசிஸ், அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய்களில் ஒன்று. ஆனால் நம் வீட்டு வாசலில் கல் அறுக்கிறவர் எந்தத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார்? அவருக்கு மேஸ்திரி உண்டு, மேஸ்திரிக்கு கான்ட்ராக்டர் உண்டு, அதற்கு மேல் ஆகாயம்தான்.

பார்த்திருப்பீர்கள். முகத்தில் ஒரு ஈரத் துண்டு. கையில் மெஷின். சிங்க்குக்கு ஓட்டை போடும்போது ஆள் தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை. நாம் ஜன்னலைச் சாத்துகிறோம், புது சோபாவைப் போர்த்துகிறோம், அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மனசாட்சியையும் சாத்திக்கொள்கிறோம். பிளேடு மேல் தண்ணீர் விட்டுக்கொண்டே அறுத்தால் இந்தத் தூசில் பெரும்பகுதி கிளம்பாது. வேண்டியது ஒரு டியூப், ஒரு வாளி. 'தண்ணி விட்டா வீடு சேறாகும் சார்' என்பார்கள். ஆகட்டுமே! சேற்றை மறுநாள் கழுவலாம்.

கிரானைட் மட்டும் அப்பாவியா என்று கேட்பீர்கள். இல்லை. மதுரை மேலூர்ப் பக்கம் மலைகள் காணாமல் போன கதையை 2012-ல் ஊரே பேசியது. 2014-ல் உயர் நீதிமன்றம் சகாயத்தை விசாரிக்கச் சொன்னது, 2015-ல் அவர் அறிக்கை கொடுத்தார். எந்தக் கல்லை எடுத்தாலும் ஏதோ ஒரு பள்ளம் எங்கேயோ இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், எடுக்கிற கல்லை ஒரு தடவை எடுங்கள், முப்பது வருஷத்துக்கு எடுங்கள். டைல்ஸ் ஃபேஷன் மாறினால் உளி வைத்துத் தட்டிவிட்டு வேறு ஒட்டலாம். மேடையை அப்படி மாற்ற முடியாது. சிங்க், குழாய், கீழே கப்போர்டு எல்லாம் அதில் தொங்குகிறது. நிலையாக இருக்கப்போவதை, நாளைக்கு மாறப்போவதற்கு ஏற்றபடி தேர்ந்தெடுப்பது என்ன கணக்கு?

மேடை என்பதே நம் வீடுகளுக்குப் புதுசு. நம் பாட்டிமார் உட்கார்ந்துதான் சமைத்தார்கள். அடுப்பும் அம்மியும் தரையில். காஸ் வந்ததும், சிலிண்டரைவிட அடுப்பு உயரத்தில் இருக்கவேண்டும் என்றார்கள். உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார். மணலியில் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது 1969-ல். அதிலிருந்து வருகிற சரக்குகளில் சமையல் காஸும் ஒன்று. ஆக, பெண்களை நிற்க வைத்ததில் இந்த ஊருக்கும் பங்கு உண்டு. எந்த உயரத்தில் நிற்பது என்று மட்டும் இன்றுவரை அவர்களை யாரும் கேட்கவில்லை. மேஸ்திரி ஊருக்கெல்லாம் ஒரே அளவு வைத்திருக்கிறார். முழங்கையை மடக்கி நின்றால், அதற்கு நாலு முதல் ஆறு அங்குலம் கீழே மேடை இருக்கவேண்டும். ஐந்தடிப் பெண்ணுக்கு அது 32 அங்குலத்துக்குப் பக்கத்தில் வரும். 34 வைத்தால் தினமும் தோளைத் தூக்கிக்கொண்டு காய் நறுக்குவார். ராத்திரி கழுத்து வலிக்குத் தைலம் தேய்க்கும்போது, காரணம் வயசு என்று நாம் சொல்லிவிடுவோம்.

அன்றைக்குக் கடையில் நான் பெரிய மனுஷன் தோரணையில் தீர்ப்புச் சொன்னேன். 'அண்ணே, கறுப்பு கிரானைட் எடுங்க. புளியும் ஒண்ணும் பண்ணாது, சூடும் ஒண்ணும் பண்ணாது, எந்தக் கலர் டைல்ஸுக்கும் சேரும்.' அண்ணனுக்கும் பிடித்துவிட்டது. நல்ல வேளையாக, பணம் கட்டுமுன் கடையில் நாலைந்து கட் பீஸ் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

அண்ணி கை துடைத்துக்கொண்டு வந்து துண்டுகளைப் பார்த்தார். கறுப்பை ஓரமாகத் தள்ளினார்.

'ஏன் அண்ணி?'

'கறுப்புல எறும்பு தெரியாது தம்பி. அப்புறம் இதைப் பாருங்க.' ஜன்னல் கட்டையில் ஒரு விரலை இழுத்துக் காட்டினார். கரிக்கோடு. 'காலைல துடைச்சது. கறுப்புக் கல்லுல இது விழுந்தா எனக்கு எப்படித் தெரியும்? தெரியாம அது மேலயே மாவு உருட்டணுமா?'

எனக்கு உறைக்கவே இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் நாட்டின் மிக மோசமான தொழிற்பகுதிகளைப் பட்டியல் போட்டபோது மணலியும் அதில் இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியில் இருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி எண்ணூர் கழிமுகம் வரை போனது. வழியில் இருந்த வீடுகளில் வெள்ளம் வடிந்த பிறகும் சுவரில் கறுப்புக் கோடு வடியவில்லை. இந்த ஊரில் கறுப்பு என்பது கலர் இல்லை. தினமும் துடைக்கவேண்டிய வேலை. வந்து விழுவதை மறைக்கிற மேடையைச் சிபாரிசு செய்ய நான் நுங்கம்பாக்கத்தில் இருந்து வந்திருக்கிறேன்!

'இன்னொண்ணு, இங்க போர் தண்ணி. காஞ்சா வெள்ளை வெள்ளையா உப்பு பூக்கும். கறுப்புல அசிங்கமா தெரியும்.' அதுவும் சரி. மீஞ்சூர்ப் பக்கம் கடல் நீர் நிலத்தடிக்குள் ஏறிவந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன.

அவர் எடுத்தது நடுத்தரச் சாம்பல் நிறத்தில் கறுப்பும் வெள்ளையும் பொடிப்பொடியாகத் தெளித்த சாதா கிரானைட். கடையில் அண்ணன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரொம்ப 'லோக்கலா' இருக்காம்.

சும்மா ஒப்புக்கொண்டு விடவில்லை, சோதித்தோம். எல்லாத் துண்டுகளிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பத்து நிமிஷம் விட்டோம். கல் கறுத்தால் அது குடிக்கிறது, எண்ணெயையும் குடிக்கும் என்று அர்த்தம். பிறகு எலுமிச்சைச் சாறு. பிறகு நல்லெண்ணெயில் குழைத்த மஞ்சள், ராத்திரி முழுக்க. கறுப்புத் துண்டை மட்டும், பெண்ணின் நெயில் பாலிஷ் ரிமூவரை வெள்ளைத் துணியில் நனைத்துத் துடைத்தோம். துணியில் கறுப்பு ஒட்டியது. சாம்பல் கல்லுக்குச் சாயம் ஏற்றிக் கறுப்பு என்று விற்பதும் உண்டு என்பது அப்போதுதான் அண்ணனுக்குத் தெரிந்தது. நான் கைகாட்டிய கல் அது என்பதை அவர் நாகரிகமாக நினைவுபடுத்தவில்லை. அண்ணி நினைவுபடுத்தினார்.

மறுநாள் விடிந்ததும் பார்த்தால், பளிங்கில் எலுமிச்சை வட்டமும் மஞ்சள் வட்டமும் அப்படியே இருந்தன. குவார்ட்ஸில் லேசாக ஒரு நிழல், தேய்த்ததும் போய்விட்டது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. சாம்பல் கிரானைட் துடைத்ததும் பழையபடி ஆனது.

'சரி, அப்ப டைல்ஸ்?' என்றார் அண்ணன், பரிதாபமாக. ஆறு பெட்டி.

சாம்பலுக்கு மேல் ஒரு டைல்ஸை நிமிர்த்தி வைத்துப் பார்த்தோம். ஆரஞ்சும் பச்சையும் முன்னைவிட அடக்கமாகவே இருந்தன. மேட்சிங் என்று அலைந்ததெல்லாம் இதற்குத்தானா? சுவர் முழுக்க ஒட்டாமல் அடுப்புக்குப் பின்னால் மட்டும் இரண்டு வரிசை போதும், மற்ற இடத்தில் வெளிர் நிறம், கரி விழுந்தால் தெரியட்டும் என்று அண்ணி சொல்லிவிட்டார்.

போன வாரம் கல் இறங்கியது. மேடை 32 அங்குலம். கொத்தனாருக்கு இதில் சம்மதம் இல்லை. 'நாளைக்கு வீட்டை வித்தா வாங்குறவங்க கேப்பாங்க' என்றார். சிங்க்குக்கு ஓட்டை போட்ட பையனுக்கு இருபது வயசுகூட இருக்காது. அண்ணி டியூபை எடுத்து, பிளேடு படுகிற இடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் அவன் பக்கத்திலேயே நின்றார். அன்று பதினாலு கேரியரும் முக்கால் மணி லேட். நாலு பெட்டி காபிக் கோப்பை மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. கடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டேன் என்கிறார்.