கணினி மேம்படுத்தல் தேவையும் என்விடியா பங்கும்

என்விடியா என்பது கணினி வரைகலைச் சில்லுகளை வடிவமைக்கும் அமெரிக்க நிறுவனம் ஆகும். இது 1993 இல் ஜென்சன் ஹுவாங், கிறிஸ் மலகோவ்ஸ்கி, கர்டிஸ் பிரீம் ஆகிய மூவரால் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்டது. 1999 இல் இதன் பங்குகள் சந்தைக்கு வந்தன. மக்கள் பழைய கணினிகளை மாற்றும்போது இந்நிறுவனத்தின் பங்கு விலை உயரும் என்பது நெடுங்காலம் நிலவிய கணிப்பு. இன்று அக்கணிப்பு பெரிதும் பொருந்துவதில்லை.

பழைய கணக்கு

கணினி விளையாட்டுகளில் காட்சிகள் விரைவாகத் தோன்றத் தனி வரைகலை அட்டை தேவைப்படுகின்றது. புதிய விளையாட்டுகள் வெளிவர, பழைய அட்டைகள் போதாமல் போகும். ஆகவே அட்டை விற்பனையே நிறுவனத்தின் நலத்தைக் காட்டும் அளவுகோலாக இருந்தது. சனவரி 2022 இல் முடிந்த நிதியாண்டின் மொத்த வருமானமான 26.9 பில்லியன் டாலரில், விளையாட்டுப் பிரிவு மட்டும் ஏறத்தாழ 12.5 பில்லியன் ஈட்டியது.

எனினும் அட்டைகளை வாங்குவோர் யார் என்பது அக்காலத்திலும் தெளிவாக இருந்ததில்லை. 2017 இல் ஈத்தர் போன்ற எண்ணிம நாணயங்களை அகழ்வோர் அவற்றைப் பெருமளவில் வாங்கினர். நாணய விலை சரிந்தபின் விற்பனையாளர்களிடம் அட்டைகள் தேங்கின. நவம்பர் 2018 இல் இது வெளிப்பட்டபோது பங்கு விலை ஒரே நாளில் சுமார் 19 விழுக்காடு வீழ்ந்தது. அகழ்வோரால் கிடைத்த வருமானத்தை முதலீட்டாளருக்குப் போதிய அளவு தெரிவிக்கவில்லை என்பதற்காக, 2022 இல் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையத்துக்கு நிறுவனம் 5.5 மில்லியன் டாலர் தண்டம் செலுத்தியது. தண்டம் சிறிது, விளையாடுவோரின் மேம்படுத்தல் தேவை எனக் கருதப்பட்டதில் ஒரு பகுதி வேறொன்று என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது.

வருமானத்தின் இடமாற்றம்

வரைகலைச் சில்லு ஒரே வகைக் கணக்குகளை ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் செய்யவல்லது. அத்திறனைப் பிற பணிகளுக்கும் பயன்படுத்த உதவும் கூடா என்னும் நிரலாக்கத் தளத்தை என்விடியா 2006 இல் அறிவித்தது. செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு இதுவே அடிப்படை ஆயிற்று. சனவரி 2025 இல் முடிந்த நிதியாண்டில் வருமானம் 130.5 பில்லியன் டாலர். அதில் தரவு மையங்களின் பங்கு 115.2 பில்லியன், விளையாட்டுப் பிரிவின் பங்கு 11.4 பில்லியனுக்கும் குறைவு. அதாவது மூன்றாண்டுகளில் மொத்த வருமானம் ஏறத்தாழ ஐந்து மடங்காகியும், விளையாட்டுப் பிரிவு முன்பிருந்த அளவைக்கூட எட்டவில்லை.

மேம்படுத்தல் அலை

அக்டோபர் 14, 2025 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. பல பழைய கணினிகள் விண்டோஸ் 11 இன் தகுதி வரையறைக்குள் வராமையால் அவற்றை மாற்றும் தேவை எழுந்தது. ஆனால் அலுவலகங்களும் பள்ளிகளும் வாங்கும் கணினிகளுள் பெரும்பாலானவற்றில் வரைகலைப் பகுதி மையச் செயலிக்குள்ளேயே அடங்கியுள்ளது. எனவே இந்த அலையின் பயன் முதலில் இன்டெல், ஏஎம்டி நிறுவனங்களுக்கே செல்லும்.

தமிழ்நாடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2011 இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் வழங்கப்பட்டன. சனவரி 2026 இல் கல்லூரி மாணவர்களுக்கென மீண்டும் தொடங்கிய திட்டத்தில் இன்டெல் ஐ3 அல்லது ஏஎம்டி ரைசன் 3 செயலியும் 8 கிகாபைட்டு நினைவகமும் கொண்ட மடிக்கணினிகள் அளிக்கப்பட்டன. மேல்சித்தாமூர் போன்ற சிற்றூரிலிருந்து திண்டிவனம் அரசுக் கல்லூரிக்குச் செல்லும் மாணவருக்கு இது முதற்கணினியாக இருக்கலாம். இத்தகைய கொள்முதல் எத்தனை இலட்சமானாலும் என்விடியாவின் கணக்கில் அநேகமாகத் தோன்றாது.

முதலீட்டாளர் கவனிப்பவை

கவலைக்குரியது இப்போது வேறிடத்தில் உள்ளது. சூலை 2025 இல் முடிந்த காலாண்டில் நேரடியாக வாங்கிய இரு வாடிக்கையாளர்களே வருமானத்தில் 39 விழுக்காட்டை அளித்தனர். சனவரி 27, 2025 அன்று, குறைந்த செலவில் உருவானதாகக் கூறப்பட்ட சீனாவின் டீப்சீக் பற்றிய செய்தியால் பங்கு 17 விழுக்காடு சரிந்தது. ஏறத்தாழ 590 பில்லியன் டாலர் சந்தை மதிப்பு ஒரே நாளில் மறைந்தது.

தரவு மையங்களின் தேவை கணினி வாங்குவோரையும் தொடுகின்றது. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றுமே உலகின் நினைவகச் சில்லுகளுள் பெரும்பகுதியை உற்பத்தி செய்பவை. இவை செயற்கை நுண்ணறிவுக்கான நினைவகத்துக்கு முன்னுரிமை அளித்ததால், 2025 இன் பிற்பகுதியில் சாதாரணக் கணினி நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியது. தனிப் பயனர்களுக்கான குரூசியல் வணிகத்தைக் கைவிடுவதாக மைக்ரான் திசம்பர் 2025 இல் அறிவித்தது. சொந்தப் பணத்தில் பழைய கணினிக்கு நினைவகம் கூட்ட எண்ணும் மாணவர் அதே தேவையுடன் போட்டியிட வேண்டியுள்ளது.